ஜரிகைப் பூச்சி

என் சிநேகிதன் மீன் பிடிப்பான், சாப்பிட மாட்டான். மீன் மார்க்கெட் இருக்கும் தெரு வழியாகப் போக நேர்ந்தால் கார் கண்ணாடியை ஏற்றிவிடுவான். அவன் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். பூண்டுகூட வாசலைத் தாண்டி உள்ளே போகாத வீடு. அவனுடைய தூண்டில் மட்டும் கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், என் வீட்டில் இருந்தது. என் மனைவி துடைப்பமும் குடையும் வைக்கிற மூலையில் ஓர் அலுமினியக் குழாய் சாய்ந்து நிற்கும். அதற்குள்தான் துண்டு துண்டாகக் கழற்றி வைத்த கம்பு இருந்தது. அவனுக்குத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அது என்னுடைய தூண்டில் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சை மாற்றவேண்டும் என்றுதான் போன வைகாசியில் அவனோடு ட்ரவுட் மீன் பிடிக்க நீலகிரிக்குப் போனேன். மீனுக்காகப் போகவில்லை.

கல்லூரி நாட்களில் மீன் பிடித்தது நான்தான். அதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கொள்ளிடத்தில் மண்புழு கோத்த தூண்டிலும் தக்கையுமாக உட்கார்ந்திருப்பேன். கிடைத்த கெளுத்தியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கச் சொல்வேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். புழுவை நறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான், தக்கை அமுங்கினால் எனக்கு முன்னால் கத்துவான். பிறகு அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் சில வருஷங்கள் மனைவியும் குழந்தையும் அவன் பெற்றோரோடு ஸ்ரீரங்கத்திலேயே இருந்தார்கள். அந்த வருஷங்களில் அந்த வீட்டுக்கு வெளிவேலை பார்த்தவன் நான். கேஸ் சிலிண்டர் வராவிட்டால் எனக்குத்தான் போன் வரும். குழந்தை ஊஞ்சலிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். அவன் மனைவி என்னை அண்ணா என்பார், நான் அவரை சிஸ்டர் என்பேன். குழந்தைக்கு நான் மாமா. எனக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒட்டுதல் கொஞ்சம் அதிகம்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவன் ஊரோடு வந்து சேர்ந்தபோது இந்தக் குழாயும் கூட வந்தது. அங்கே ஆபீஸில் யாரோ பழக்கிவிட்டார்களாம். ஃப்ளை ஃபிஷிங் என்றான். புழு கிடையாது, தக்கை கிடையாது. முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி ஒன்றைக் கட்டவேண்டும். அதை நீளமான கயிற்றின் நுனியில் முடிந்து, தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, நிஜப் பூச்சி வந்து உட்கார்ந்ததுபோல் ஓடைத் தண்ணீரின் மேல் இறக்கவேண்டும். ட்ரவுட் அதை நம்பி வாயைத் திறக்கும். பிடித்ததும் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு உயிரும் போவதில்லை என்று பெருமையாகச் சொன்னான். தின்னப்போவதும் இல்லை என்றால் எதற்கு அதன் வாயில் முள்ளைக் குத்துகிறாய் என்று கேட்டேன். விளையாட்டு என்றான். பசிக்காகப் பிடித்தவன் பாவி, பொழுதுபோகாமல் பிடிக்கிறவன் புண்ணியவானா என்று கேட்டேன். அன்றைக்கே அதற்குச் சைவத் தூண்டில் என்று பெயர் வைத்தேன். வைணவ வீட்டுக்காரனுக்கு அந்தப் பெயர் இரண்டு பக்கமும் எரியும் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

அவ்வளவு பெருமை பேசியவனுக்கு மனைவியிடம் சொல்லத் தைரியம் இல்லை. விமான நிலையத்திலிருந்து அவனை வீட்டுக்கு அழைத்துவந்தது நான்தான். வாசலில் சாமான்களை இறக்கும்போது அவர் அந்தக் குழாயைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். அவன் இமைக்கக்கூட இல்லை. இவன்தான் மீன் பிடிக்க வாங்கிண்டு வரச் சொன்னான் என்று என்னைக் காட்டினான். நானும் சிரித்தபடி தலையாட்டிவைத்தேன். மனிதன் ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கே வீட்டில் எதற்கு ரகளை என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு இரவல் கொடுத்த தலையாட்டல் அது. அவன் அதைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டுவிட்டான்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் இரண்டு தடவை மலைக்குப் போனோம். வீட்டில் சொல்வதற்கு வழியில் ஏதாவது ஒரு கோயில் வைத்திருப்பான். இவனுக்கு மீன், எனக்குப் பெருமாள் என்பான். நான் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அவன் மனைவி திட்டுவதை வாங்கிக்கொள்வேன். அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கார் டிக்கியில் ஏதாவது தேடவேண்டியிருக்கும். ஓடையில் இறங்கினால் மீன் பிடிப்பது அவன், போட்டோவில் மீனோடு நிற்பது நான். போனை வீட்டில் யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால் தன் கையில் மீன் இருக்கக்கூடாதாம். நான் கையை நனைத்துக்கொண்டு மீனை ஏந்தி நிற்பேன், அவன் எடுப்பான். பிறகு தனியாக இருக்கும்போது அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வானாம். அவன் பிடித்த மீன், என் மூஞ்சி.

மாசியில் அவன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. வீட்டுக் கூடத்திலேயே வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, பெண்ணின் சின்ன வயதுப் படங்கள் இருக்கிறதா என்று கேட்டு அவன் போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனார். கொஞ்சம் போனதும் ஒரு மீன் வந்தது. அதற்கடுத்து இன்னொரு மீன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இது யார் என்று கேட்டார். என் சிநேகிதன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி கூடம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்.

"அது இவரோட சிநேகிதர். பொழுது போகலேன்னா மீன் வாயைக் கிழிச்சுண்டிருப்பார். அதுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடையாளம் சரியாக இருந்தது. என் பக்கத்தில் என் மனைவி இருப்பதிலேயே நல்ல பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி அம்மாள் தன் தட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவன் தரையில் எதையோ தொலைத்தவன்போல் குனிந்திருந்தான்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பொன்மலை தாண்டியதும் என் மனைவி முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"அந்தக் கம்பு யாரோடதுன்னு அந்த வீட்டுக்குத் தெரியற வரைக்கும் நான் அங்க காலை வைக்க மாட்டேங்க. கல்யாணமா இருந்தாலும் சரி."

கல்யாணம் ஆவணியில். இவள் இல்லாமல் நான் மட்டும் போய் நின்றால் ஊர் கேட்கும், அதைவிட முன்னால் அந்தப் பெண் கேட்பாள். கையை ஒடித்துக்கொண்டு என் சட்டையை விடாமல் பிடித்திருந்த குழந்தையின் கல்யாணத்துக்கு நான் போகவேண்டும். போகவேண்டுமென்றால் அவன் வாயைத் திறக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். வைகாசியில் மலைக்குப் போகலாமா என்று அவன் கூப்பிட்டபோது இதைத்தான் நிபந்தனையாகப் போட்டேன். திரும்பி வந்து காரை நிறுத்தியதும் தூண்டில் உன்னுடையது என்று நீயே உன் மனைவியிடம் சொல்லவேண்டும் என்றேன். சொல்றேன்டா, சத்தியமா சொல்றேன் என்றான். பெருமாள் மேல் சத்தியம் செய்யச் சொன்னேன், அதற்கெல்லாம் எதுக்குப் பெருமாள் என்று மழுப்பினான்.

புறப்படுகிற அன்றைக்கு விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அவன் மனைவி புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தார். காரமடையில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு அப்படியே மலையேறுவதாக வீட்டில் ஏற்பாடு. "அண்ணா, இவரைத் தண்ணியில இறக்கிடாதேங்கோ. இவர் ரூம்லயே இருக்கட்டும், நீங்க உங்க கர்மத்தைப் பண்ணிக்கோங்கோ" என்றார். நான் அவனைப் பார்த்தேன். அவன் டிக்கிக்குள் தலையை விட்டிருந்தான்.

குளித்தலை வரை காவிரி வலப்பக்கம் கூடவே வந்தது. இன்னும் தண்ணீர் திறந்துவிடவில்லை, வெறும் மணல். அவன் மணிக்கட்டை எப்படி மடக்கவேண்டும், கயிற்றை எப்போது விடவேண்டும் என்று ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டிக்கொண்டே ஓட்டினான். அந்த மணிக்கட்டை மடக்கித் திருக வேண்டும்போல் எனக்கு இருந்தது. கரூரில் டீ குடிக்க நிறுத்தியபோது நான் ஓர் ஆம்லெட் சொன்னேன். சாப்பிட்டதும் உடனே வண்டியில் ஏறாதே, கொஞ்சம் உலாவிவிட்டு வா, வாடை வரும் என்றான். மீன் வாயில் கையை விட்டு முள்ளைப் பிடுங்குகிறவனுக்கு முட்டை வாடை ஆகவில்லை. இன்னொரு ஆம்லெட் வாங்கித் தின்றேன். பசி இல்லை, வீம்பு.

காரமடைக்காகச் சுற்றிக்கொண்டு போனோம். பொய்யில் பாதியையாவது உண்மையாக்குவது அவன் வழக்கம். தரிசனம் முடிந்து வண்டிக்கு வந்ததும் சமாதானம் பேசுகிறவனாக ஒரு சின்ன டப்பாவைத் திறந்து என் முன் நீட்டினான். அவன் கட்டிய பூச்சிகள் பஞ்சில் வரிசையாகக் குத்தியிருந்தன. அதில் ஒன்று மின்னியது. அரக்கு நிறப் பட்டு நூலில் உடம்பு, அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய ஜரிகை, வாலுக்கு மயிலிறகின் ஓர் இழை. இது ஒன்றுக்குத்தான் பெரிய மீன் எழுந்து வருகிறது என்றான். ஜரிகை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். வாங்கவில்லை, அவளோட கூறைப் புடவையில் உருவியது என்றான்.

கல்யாணத்தன்று கட்டிய புடவை. அதை வெட்கமில்லாமல் சொன்னான். பீரோவுக்குள் சும்மா கிடக்கிறது, தலைப்பு ஓரத்தில் நாலு இழை போனால் யாருக்குத் தெரியப்போகிறது, மூன்று நாலு வருஷமாக உருவிக்கொண்டிருக்கிறேன் என்றான். கடையில் கிடைக்கிற ஜரிகை இந்தக் காலத்தில் வெறும் பிளாஸ்டிக் என்று விளக்கம் வேறு. உனக்கெல்லாம் நாக்கில் நரம்பே கிடையாதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே டப்பாவை மூடினான்.

மேட்டுப்பாளையத்தில் இ-பாஸைக் காட்டிவிட்டு மலையேறி, ஊட்டியின் நெரிசலைத் தாண்டி, அதற்கும் மேலே ஒரு பழைய விருந்தினர் விடுதியில் தங்கினோம். மீன் பிடிக்கும் பர்மிட் அவன் பெயரில். காலையில் ஓடைக்குப் போனபோது புல் முழுக்க ஈரம், அட்டை என் காலில் ஏறிக்கொண்டிருந்தது. ட்ரவுட் இந்த நாட்டு மீன் இல்லை. குளிர்ந்த தண்ணீரைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து விட்டது. கரையில் நான் எங்கே நின்றாலும் அவனுக்குக் குற்றம். அங்கே நிற்காதே, நிழல் விழுகிறது என்பான். நகர்ந்தால், நடக்காதே, தரை அதிர்கிறது என்பான். இருமினேன், அதற்கும் திரும்பி முறைத்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவன் வீசுவது பார்க்க நன்றாக இருக்கும். அந்தப் பச்சைக் கயிறு அவன் தலைக்கு மேல் மெதுவாகப் பின்னால் போய், நின்று, முன்னால் வந்து, நுனியில் இருக்கும் பூச்சி சத்தமே இல்லாமல் தண்ணீரில் உட்காரும். வீட்டில் குனிந்தே இருக்கும் மனிதன் அந்த ஓடையில் மட்டும் நிமிர்ந்து நிற்பான். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் ஏறியது. இவ்வளவு நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

ஜரிகைப் பூச்சிக்கு மீன் வந்தது. கம்பு வளைந்தது, அவன் கயிற்றை விட்டும் இழுத்தும் அதைக் கரைக்குக் கொண்டுவந்தான். முழங்கை நீளம் இருக்கும். உடம்பெல்லாம் கருப்புப் புள்ளி, பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. முள்ளை லாகவமாகக் கழற்றினான். பிறகு வழக்கம்போல் மீனை என்னிடம் நீட்டினான்.

"பிடிச்சுக்கோடா, ஒரே ஒரு போட்டோ."

"உன் மீன். நீயே பிடிச்சுக்க, நான் எடுக்கறேன்."

"போனை ஆத்துல யாராவது பாத்துடுவாடா."

"பாக்கட்டும்."

நான் கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவன் ஒரு கையில் மீனும் இன்னொரு கையில் போனுமாக முழங்கால் தண்ணீரில் நின்று கெஞ்சினான். இவ்வளவு பெரிய மீன் இதுவரை கிடைத்ததில்லை என்றான். இந்த ஒரு தடவை, இதுதான் கடைசி என்றான். நான் கையை வெளியே எடுக்கவில்லை. மீனின் வாய் திறந்து திறந்து மூடியது. அதைத் தண்ணீரில் விடுடா என்று கத்தினேன். விட்டுவிட்டால் படம் போய்விடுமே என்று அவனுக்கு மனசு வரவில்லை. அது துள்ளிக் கையிலிருந்து வழுக்கிப் பாறையில் விழுந்தது. பாய்ந்து எடுத்தான், மறுபடியும் வழுக்கியது. கடைசியில் தண்ணீருக்குள் வைத்தபோது அது புரண்டு வயிற்றைக் காட்டியது. அவன் அதை நிமிர்த்திப் பிடித்து, ஓடுகிற தண்ணீருக்கு எதிராக முன்னும் பின்னும் ஆட்டினான். வெகுநேரம் ஆட்டினான். கையை எடுத்தபோதெல்லாம் புரண்டது. அதன் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீதான்டா கொன்னே. சித்த பிடிச்சிருந்தா பொழைச்சிருக்கும்."

தூண்டில் என்னுடையது, பைத்தியம் என்னுடையது, இப்போது கொலையும் என்னுடையதாகிவிட்டது. அந்த இடத்தில் அவனை அடித்திருப்பேன். ஓடைக்குள் இறங்கினால் என் செருப்பு வழுக்கும் என்று பயந்து இறங்கவில்லை. அவன் மீனைத் தண்ணீரோடு விட்டுவிடப் பார்த்தான், கண்ணுக்கு மறைவாகப் போய்விட்டால் சாகாதது மாதிரி. நான் கரையிலிருந்தே எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டு விடுதிக்கு நடந்தேன். செத்த மீனைச் சாப்பிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம்.

விடுதிக் காவலாளி மீனைப் பார்த்து அசந்துபோனார். யாரு சார் பிடிச்சது என்று கேட்டார். சார்தான் என்று சிநேகிதன் என்னைக் காட்டினான். அந்த மனிதரை அவனுக்கு முன்பின் தெரியாது, அவர் ஸ்ரீரங்கம் பக்கமே வந்தவரில்லை. மேஜை மேல் அவன் பெயர் போட்ட பர்மிட் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார், மீனை வாங்கிக்கொண்டு போனார். மிளகாய்த்தூள் தடவி வறுத்துக் கொண்டுவந்தார். நான் உள்ளே உட்கார்ந்து தின்றேன், அவன் வராந்தாவில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சநேரம் கழித்து, திரும்பாமலே, எப்படிடா இருக்கு என்று கேட்டான்.

இத்தனை வருஷம் பிடித்திருக்கிறான், அதன் ருசி அவனுக்குத் தெரியாது. குரலில் உண்மையான ஆசை இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் மனமிரங்கியிருப்பேன். நிஜத்தில் அந்த மீன் சப்பென்று இருந்தது, கொள்ளிடத்துக் கெளுத்திக்குப் பக்கத்தில் நிற்காது. அந்த ஆறுதலை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் திரும்பும்போது குளித்தலை தாண்டித்தான் வாயைத் திறந்தான். கல்யாணம் முடியட்டும்டா, அப்புறம் நிதானமாச் சொல்றேன் என்றான். எதிர்பார்த்ததுதான். வழக்கமாக அவன் வாசலில் இறங்கியதும் குழாயை என் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றைக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே வீட்டுக்குள் போனேன். அவன் மனைவி கூடத்தில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெண் சென்னையில் வேலையில் இருந்தாள். வந்துட்டேளா, பெருமாள் சேவை நன்னா ஆச்சா என்று கேட்டார். நான் சிநேகிதனைப் பார்த்தேன். அவன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு சுவரில் இருந்த பெருமாள் படத்தைப் பார்த்தபடி நின்றான். பிறகு குழாயை ஊஞ்சல் பக்கத்தில் சாய்த்துவைத்தேன்.

"சிஸ்டர், இது உங்க வீட்டுக்காரரோடது. வாங்கினது அவரு, பிடிக்கறதும் அவரு. இத்தனை வருஷமா நான் கூடப் போய் நின்னேன், அவ்வளவுதான்."

அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணா."

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்தது. அவரே மேலே சொன்னார். அவருடைய கூறைப் புடவைத் தலைப்பில் ஜரிகை உருவியிருக்கிறது, அந்த பீரோ இருக்கும் அறைக்குள் நான் ஒரு நாளும் வந்தது கிடையாது. மயிலிறகும் பட்டு நூலும் பசையும் இவர் மேஜையில்தான் கிடக்கின்றன. இவர் ஊருக்கு வந்த புதிதிலேயே தெரியும், தான் என்ன குருடா என்றார். அவன் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினான். அவனுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதைக்கூட இப்போது நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை.

தெரிந்துகொண்டே என்னை ஏன் திட்டினீர்கள் என்று கேட்டேன்.

"உங்களைத் திட்டினா காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிடுவேள். இவரைத் திட்டினா நான் இவரோட குடித்தனம் பண்ணணுமே அண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. கறிகாய் விலை சொல்கிற குரல்தான். நிச்சயதார்த்தத்தன்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் ஞாபகப்படுத்தினேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி கேக்கறச்சே நான் வேற யாரைச் சொல்றது? நீங்க மீன் சாப்பிடறவா. உங்களுக்கு அதுல ஒண்ணும் குறைஞ்சுடாது. இவருக்குக் குறைஞ்சுடும், என் பொண்ணுக்குக் குறைஞ்சுடும்."

அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் குழாயை இங்கே வைக்காதேங்கோ, கல்யாணம் ஆகிற வரைக்குமாவது உங்காத்திலேயே இருக்கட்டும் என்றார். நான் அதைத் தொடாமல் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். என் சிநேகிதன் வீட்டுக்குள் வந்த பிறகு பேசிய ஒரே பேச்சு அப்போதுதான் வந்தது. காபி சாப்டுட்டுப் போயேன்டா என்றான்.

ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் ஒரு பெண்ணை ஏமாற்றுகிறோம் என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. அவர் திட்டியபோதெல்லாம் பாவம், தெரியாமல் திட்டுகிறார் என்று பொறுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் ஏமாந்தது நான் ஒருவன்தான். சிலிண்டர் தூக்கவும் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் திட்டு வாங்கவும் அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அண்ணா என்ற வார்த்தையை நான்தான் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி முதலில் அந்த மூலையைப் பார்த்தாள், பிறகு என் தோளைப் பார்த்தாள். குழாய் இல்லை.

"சொல்லிட்டாரா?"

"நான் சொன்னேன். அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரியுமாம்."

"தெரிஞ்சேதான் எல்லார் முன்னாடியும் சொன்னாங்களா?"

ஆமாம் என்றேன். அவள் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் மடித்து முடித்த பிறகு சொன்னாள்.

"தெரியாம சொல்லியிருந்தா கல்யாணத்துக்குப் போயிருக்கலாங்க."

ஆடியிலேயே அவர்கள் இரண்டு பேரும் பழம், பூ, குங்குமத்தோடு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தார்கள். என் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புது டம்ளரில் காபி கொடுத்தாள், வரோம்னு சொல்லி வாசல்வரை வந்து அனுப்பினாள். அவனும் நானும் மின்வெட்டைப் பற்றிப் பேசினோம். கல்யாணத்தன்று நான் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டேன். மெஷின் சத்தத்தில் ஒன்றும் நினைக்காமல் இருக்கலாம் என்றுதான் போனேன், முடியவில்லை. முகூர்த்த நேரத்தில் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா நின்றேன். அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். பின்னால் நாதஸ்வரமும் குழந்தைகள் ஓடுகிற சத்தமும் கேட்டன.

"மாமா, உங்களுக்கு ஜுரம்னு அப்பா சொன்னா. மாமியும் உங்களைப் பாத்துக்கணும்னு வரலையாமே. இப்போ தேவலையா?"

ஜுரம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வர முடியாது என்றுகூட அவனிடம் சொல்லவில்லை. அவனாகவே எனக்கு ஒரு காய்ச்சலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுரமெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"தேவலைம்மா. விட்டுடுச்சு."

"நீங்க இல்லாம எனக்கு என்னவோபோல இருந்தது மாமா. உங்க தூண்டில் இங்கேயே இருக்காம், அப்பா பரண்ல பத்திரமா வெச்சிருக்கா. ஒடம்பு சரியானதும் வந்து எடுத்துக்கச் சொன்னா."

"எடுத்துக்கறேம்மா" என்றேன். "நீ நல்லா இரு."